மஞ்சள் கேப்சூல் – அப்பா ஸ்டென்ட் வெச்சவங்க, சாப்பிடலாமா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

கரூர்க்காரி
ஜனவரி 16, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்துக்கள். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல்தடவையா நானே கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 61 வயசு. ரெண்டு முட்டியும் தேய்மானம்னு ஆர்த்தோ டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆச்சு, வலி மாத்திரை போட்டா வயிறு எரியுதுன்னு அதை விட்டுட்டாங்க. தீபாவளி சமயத்துல எங்க தெருவுல ஒரு அக்கா, ஏதோ செயின் சிஸ்டம் கம்பெனில சேந்திருக்காங்க போல, மஞ்சள்ல இருந்து எடுக்கற குர்குமின் கேப்சூல்னு ஒரு டப்பா கொண்டுவந்து குடுத்திருக்காங்க. 60 கேப்சூல் 1,450 ரூபா!! மூட்டுக்கு நல்லது, ஆன்டிஆக்ஸிடன்ட், சுகர் இறங்கும், கேன்சர் வராது, மூஞ்சி பளபளன்னு ஆகும், இதுல டப்பால எழுதுனது பாதி அந்தக்கா வாயால சொன்னது பாதி. அம்மா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டுட்டு இருக்காங்க, முட்டி வலி கொஞ்சம் தேவலைன்னுதான் சொல்றாங்க, அதை நான் மறைக்க விரும்பல.

பிரச்சனை அப்பாவுக்கு. வயசு 66, எட்டு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சோம். க்ளோபிடோக்ரல் 75, ஆஸ்பிரின் 75, ராத்திரி கொழுப்புக்கு அடோர்வாஸ்டேட்டின் 40 எடுக்கறாங்க. மூணு வாரமா அம்மா அவருக்கும் அதே கேப்சூலை ரெண்டு வேளையும் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, எனக்கு சொல்லவே இல்ல. லீவுக்கு வந்தப்பதான் பாக்கறேன், ரெண்டு முழங்கைக்கு கீழயும் திட்டு திட்டா நீலம், எங்கயும் இடிச்சுக்கல விழலங்கறாரு. பல் தேய்க்கறப்ப ஈறுல ரத்தம் வேற வருதாம், ப்ரஷ் மாத்தினா சரியாயிடும்னு அவரே முடிவு பண்ணி சாஃப்ட் ப்ரஷ் வாங்கிட்டாரு.

லேபிள்ல இருக்கறது: மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி, அதுல 95% குர்குமினாய்டு, மிளகு எக்ஸ்ட்ராக்ட் பைப்பரின் 5 மி.கி.

அம்மாகிட்ட கேட்டா "மஞ்சதானடி, தெனமும் கொழம்புல போடறது, உங்க பாட்டி புண்ணுக்கும் அதைத்தான் வெச்சா, இதுல என்னடி வெசம் இருக்கப்போவுது"ங்கறாங்க. எனக்கு பதில் தெரியல. நெட்ல தேடினா பாதி பேர் அமிர்தம்ங்கறான் பாதி பேர் கல்லீரல் போயிடும்ங்கறான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

இயற்கைவழி செல்வம்
ஜனவரி 16, இரவு 11:08

சகோதரி பயப்படாதீங்க. நான் ரெண்டு வருஷமா சாப்பிடறேன் ஒண்ணும் ஆகல. இயற்கை பொருளுக்கு சைட் எஃபெக்ட் கிடையாது. இங்கிலீஷ் மருந்துதான் ரத்தத்தை தண்ணி ஆக்குது, அதை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாருங்க.

---

மருந்துக்கடை அண்ணாச்சி
ஜனவரி 16, இரவு 11:31

தங்கச்சி, மேல போட்டிருக்க பதிலை தயவுசெஞ்சு கண்டுக்கிடாதீங்க. முதல்ல செய்ய வேண்டியதை சொல்லுதேன், விளக்கமெல்லாம் பொறவு.

அப்பாவுக்கு அந்த கேப்சூலை இன்னைக்கே நிறுத்துங்க. க்ளோபிடோக்ரலையும் ஆஸ்பிரினையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களா நிறுத்திராதீங்க, ஒரு வேளைகூட. ஸ்டென்ட் வெச்சு எட்டு மாசம்தான் ஆகுது, பொதுவா ஒரு வருஷம் வரைக்கும் ரெண்டையும் சேத்து குடுப்பாங்க, நடுவுல விட்டா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிரலாம், அது வந்தா ஆஸ்பத்திரிக்கு போக நேரம் கிடைக்குமாங்கதே சந்தேகம். காலைல கார்டியாலஜி டாக்டர்ட்ட டப்பாவோட போய் காட்டுங்க, போட்டோ இல்ல, டப்பாவையே கொண்டு போங்க. அதுக்குள்ள மலம் தார் மாதிரி கறுப்பா போனா, மூக்குல ரத்தம் நிக்காம வந்தா, திடீர்னு தலைவலி பேச்சு குழறல் வந்தா காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

இனி விளக்கம். க்ளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் ரத்தத் தட்டணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதை தடுக்கிற மாத்திரை. குர்குமினும் அதே வேலையை கொஞ்சம் செய்யும்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. அப்ப ரெண்டு பேர் பிரேக் போடுற வண்டில மூணாவதா ஒருத்தர் ஏறி அவரும் மிதிச்சா எப்படி? ஆனா ஒண்ணு, நியாயமா சொல்லணும், இந்த ரெண்டு மாத்திரை மட்டும் போடுறவங்களுக்கே நீலம் பாயறது சகஜம், என் கடைக்கு வாறவங்கள்ல பாதிப்பேர் கையை காட்டி கேப்பாங்க. உங்க அப்பாவுக்கு ஏழு மாசம் ஒண்ணும் இல்லாம இந்த மூணு வாரத்துல வந்திருக்குங்கதுதான் இடிக்குது.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களுக்கு இதைவிட மோசம். நியூசிலாந்துல ஒருத்தருக்கு வார்ஃபரின் அளவு சரியா ஓடிட்டு இருந்திருக்கு, மஞ்சள் சப்ளிமென்ட் ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் 10க்கு மேல போயிட்டுன்னு 2018ல அந்த ஊர் மருந்துத் துறையே எச்சரிக்கை விட்டுது. 2, 3ல நிக்க வேண்டியது 10. அதுல எந்தப் பக்கம் வேணா ரத்தக்கசிவு வரலாம்.

அப்புறம் அந்த 5 மி.கி மிளகுச்சத்து இருக்கு பாருங்க, எனக்கு மஞ்சளைவிட அது மேலதான் கண்ணு. கல்லீரலும் குடலும் வேண்டாத சரக்கை வெளிய தள்ள வெச்சிருக்க கதவை அது பாதி சாத்திருது. மஞ்சளுக்கு மட்டும் சாத்தும்னு நெனைக்காதீங்க, கூட போற மருந்துக்கும் சேத்துதான். வலிப்புக்கு குடுக்கிற ஃபெனிடாயின், பிபி படபடப்புக்கு குடுக்கிற ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கு குடுக்கிற தியோபிலின், இந்த மூணோட அளவும் பைப்பரினால ரத்தத்துல கூடுதுன்னு மனுசங்கள்ட்டயே அளந்து பாத்திருக்காங்க. அடோர்வாஸ்டேட்டினும் அதே மாதிரி பாதைல வெளியேறுற மருந்துதான், அதனால அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க, தசைவலி இருக்கான்னு அப்பாட்ட கேட்டுப் பாருங்க.

அம்மா என்னென்ன மாத்திரை எடுக்காங்க? பித்தப்பைக் கல்லு, கிட்னி கல்லு ஏதும் இருந்திருக்கா? அதையும் போடுங்க.

---

கரூர்க்காரி
ஜனவரி 16, இரவு 11:52

ரொம்ப நன்றி அண்ணாச்சி, கை நடுங்குது. அப்பா டப்பாவை எடுத்து என் பேக்ல வெச்சுட்டேன். அம்மாவுக்கு சுகர் பிபி இல்ல. ரத்தசோகை இருக்கு, ஹீமோகுளோபின் 9.6, அயர்ன் மாத்திரை நாலு மாசமா போடறாங்க ஆனா ஏறவே மாட்டேங்குது, டாக்டர் மாத்தி மாத்தி எழுதறாரு. கிட்னி கல்லு பத்து வருஷம் முன்னாடி ஒருதடவை வந்து தானா போச்சு.

---

மருந்துக்கடை அண்ணாச்சி
ஜனவரி 17, நள்ளிரவு 12:04

அயர்ன் மாத்திரையை எப்ப போடுதாங்க, கேப்சூலை எப்ப போடுதாங்க? ரெண்டும் காலைல சாப்பிட்டதும் ஒரே வாய் தண்ணில போடுதாங்கன்னா விஷயம் அங்க இருக்கலாம். குர்குமின் இரும்பை கெட்டியா பிடிச்சுக்கிடும், வயித்துக்குள்ளயே பிடிச்சா அது ரத்தத்துக்கு எங்க போகும். இதுதான் காரணம்னு அடிச்சு சொல்லமாட்டேன், 61 வயசுல அயர்ன் ஏறலைன்னா வயித்துல எங்கயாவது ரத்தம் கசியுதான்னும் பாக்கணும், அதுலயும் வலி மாத்திரை போட்டு வயிறு எரிஞ்சவங்க. அதை டாக்டர்ட்ட கண்டிப்பா கேளுங்க.

கிட்னி கல்லு: மஞ்சள்ல கல்லு உண்டாக்குற ஆக்சலேட் நெறைய, அதுவும் கரையுற ஆக்சலேட். மஞ்சத்தூளை அப்படியே மாத்திரையாக்கி விக்கிறதுல அது அதிகம், எக்ஸ்ட்ராக்ட்ல குறைவா இருக்கும். ஆனாலும் ஒருதடவை கல்லு வந்தவங்க மஞ்சத்தூளை ஸ்பூன் ஸ்பூனா வெறும் வயித்துல முழுங்குறது வேண்டாம். பித்தப்பைல கல்லு இருக்கவங்களும் தொடக்கூடாது, குர்குமின் பித்தப்பையை சுருங்க வைக்கும், கல்லு போய் குழாய்ல சொருகிச்சுன்னா அவ்வளவுதான்.

---

பெருந்துறை மஞ்சக்காடு
ஜனவரி 17, காலை 6:15

வணக்கமுங்க அக்கா. நான் டாக்டரும் இல்லீங்க ஒண்ணும் இல்லீங்க, எங்க தாத்தா காலத்துல இருந்து மஞ்ச போடறவங்க, இப்பகூட வேக வெக்கற வேலை ஓடிட்டு இருக்குது. அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றனுங்க.

நம்ம ஈரோட்டு மஞ்சள்ல குர்குமின் 100க்கு 3 பக்கம் வருமுங்க. ரகத்தைப் பொறுத்து ரெண்டரையும் இருக்கும் நாலும் இருக்கும். மேகாலயா லகடாங் மஞ்சள்ல 7 வரைக்கும் போகும், அதனாலதான் கம்பெனிக்காரங்க அதுக்கு அலையறாங்க. சரி, ஒரு டீஸ்பூன் மஞ்சத்தூள் 3 கிராம்னு வெச்சுக்கோங்க, அதுல குர்குமின் 90, 100 மில்லிகிராம். உங்க வீட்ல நாலு பேருக்கு வெக்கற குழம்புல அரை டீஸ்பூன் போடுவீங்களா? அப்ப ஒரு ஆளுக்கு 12 மில்லிகிராம் வந்தா பெருசு.

இப்ப கேப்சூலுக்கு வாங்க. 500ல 95%னா 475. ரெண்டு வேளைக்கு 950 மில்லிகிராம். அதாவது மஞ்சத்தூளா போட்டா 30 கிராம், பத்து டீஸ்பூன், தினமும்! அம்மாகிட்ட பத்து ஸ்பூன் மஞ்சளை ஒரு தட்டுல கொட்டிக் காட்டி, இதை முழுங்குவியாம்மான்னு கேளுங்க, மூஞ்சி போற போக்கைப் பாருங்க.

அதுவுமில்லாம அது நம்ம மஞ்சளே இல்லீங்க. காஞ்ச மஞ்சளை அரைச்சு அசிட்டோன், எத்தில் அசிட்டேட் மாதிரி கரைப்பான் ஊத்தி சத்தை இழுத்து, அந்த கரைப்பானை ஆவியா ஓட்டி, மிச்சம் வர்ற பிசின்ல இருந்து குர்குமினை மட்டும் படிகமா பிரிச்சு எடுக்கறது. எண்ணெய் வாசனை எல்லாம் போயிரும், ஆரஞ்சு கலர் பொடிதான் நிக்கும். 100 கிலோ மஞ்ச போட்டா 3 கிலோகூட தேறாது. தப்புன்னு சொல்லலீங்க, அது ஒரு தொழில், எங்களுக்கும் அதனால வெலை கிடைக்குது. ஆனா அதை காட்டி "பாட்டி வைத்தியம்"னு விக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். எங்க பாட்டிக்கு அசிட்டோன் தெரியுமுங்களா.

ஒரு சேதி கூடவே சொல்லிர்றேன், கடைல லூசா தூள் வாங்காதீங்க. பளிச்சுனு தெரியறதுக்கு லெட் க்ரோமேட் பூசற திருட்டுத்தனம் இன்னும் இருக்குது, அது ஈயம். வெரலி மஞ்சளா வாங்கி காய வெச்சு மில்லுல குடுத்து அரைச்சுக்கோங்க. பாலிஷ் அதிகம் போட்டு தங்கம் மாதிரி மின்னறதை வாங்காதீங்க.

---

இயற்கைவழி செல்வம்
ஜனவரி 17, காலை 8:40

எல்லாரும் சேந்து நம்ம மஞ்சளையே குறை சொல்றீங்க. மஞ்சளோட அருமை தெரிஞ்சுதான் அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கினான். மிளகு சேத்தா 2000% உடம்புல சேருதுன்னு விஞ்ஞானிகளே நிரூபிச்சிருக்காங்க. நம்ம முன்னோர் பொங்கல்லயும் பால்லயும் மஞ்சளும் மிளகும் சேத்தது சும்மாவா?

---

பெருந்துறை மஞ்சக்காடு
ஜனவரி 17, காலை 8:47

ஏனுங்க, பொங்கல்ல எங்க ஊர்ல மஞ்ச பானை கழுத்துலதான் கட்டுவோம், உள்ள போட மாட்டோமுங்க

---

பெஞ்ச் நம்பர் 7
ஜனவரி 17, காலை 11:20

நான் பயோகெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்கற ஆள். செல்வம் சார் சொன்ன ரெண்டுமே உண்மைதான், ஆனா ரெண்டுமே அவர் சொல்ற பக்கம் சாயல.

பேட்டன்ட்: 1995ல மிசிசிப்பி யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டருக்கு புண் ஆற மஞ்சள் போடறதுக்கு பேட்டன்ட் குடுத்தாங்க, நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் பழைய நூல், பழைய கட்டுரை எல்லாம் எடுத்து நீட்டி 1997ல ரத்து பண்ண வெச்சாங்க. நல்ல சண்டை, எனக்கும் பெருமைதான். ஆனா அந்த சண்டை "இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல"ங்கறதுக்குத்தான், மேல தடவற மஞ்சளைப் பத்தி, முழுங்கற கேப்சூலைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது.

2000%: பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல பண்ணின வேலை, 1998ல வந்துச்சு. 2 கிராம் குர்குமினை மட்டும் குடுத்தா ரத்தத்துல அது கண்ணுலயே படல, இல்லன்னா ரொம்ப ரொம்ப கொஞ்சம். கூட 20 மி.கி பைப்பரின் குடுத்தப்ப 20 மடங்கு கூடிச்சு. கூடிச்சுதான், ஆனா ஒண்ணுமே இல்லாததை 20ஆல பெருக்கினா எவ்வளவு வரும்? அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சு. இதை டப்பால 2000%னு கொட்டை எழுத்துல போடும்போது கேக்க ஆள் இல்ல.

குர்குமின் எங்க லேப்ல எல்லாம் ஒரு தலைவலி பிடிச்ச மூலக்கூறு. எந்த புரோட்டீனைப் போட்டாலும் ஒட்டிக்கும், உலோகத்தைப் பிடிக்கும், தானே ஒளிரும், தண்ணில சீக்கிரம் சிதையும், அதனால டெஸ்ட்ல "வேலை செய்யுது வேலை செய்யுது"ன்னு காட்டிக்கிட்டே இருக்கும். ஆயிரக்கணக்குல பேப்பர் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். 2017ல ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரில ஒரு நீளமான அலசல் வந்துச்சு, 120க்கு மேல மனுஷங்க மேல ட்ரையல் நடந்திருக்கு, டபுள் ப்ளைன்ட் பிளாசிபோ கன்ட்ரோல் (யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு டம்மி மாத்திரைன்னு குடுக்கறவங்களுக்கும் எடுக்கறவங்களுக்கும் தெரியாம) வெச்சு பாத்ததுல ஜெயிச்சது ஒண்ணுகூட இல்லன்னு அதுல எழுதினாங்க. அது கொஞ்சம் ஓவர் கறார்னு சொல்றவங்களும் இருக்காங்க, நானும் அந்த கட்சிதான், ஏன்னா முட்டி வலிக்கு மட்டும் ஓரளவு இருக்கு. தாய்லாந்துல 367 பேரை வெச்சு நாலு வாரம் பாத்தாங்க, 2014ல வந்தது, மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 1,500 மி.கி ஒரு குரூப்புக்கு, வலி மாத்திரை ஐபுப்ரோஃபென் 1,200 மி.கி இன்னொரு குரூப்புக்கு. வலி குறைஞ்சது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, வயித்துக் கோளாறு மஞ்சள் குரூப்ல கம்மி. அதனால கரூர்க்காரி அம்மாவுக்கு தேவலைன்னு இருக்கறது மனப்பிரமைன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நாலு வாரம்தான், வருஷக்கணக்குல போட்டா என்னன்னு அதுல தெரியாது.

இன்னொண்ணு. "ஆன்டிஆக்ஸிடன்ட்"ங்கற வார்த்தை. அதைப் பாத்ததும் நல்லதுன்னு முடிவு பண்றது இருக்கே, அதுக்கு ஃபின்லாந்துல ஒரு பெரிய அடி விழுந்திருக்கு. 50லேருந்து 69 வயசுக்குள்ள சிகரெட் பிடிக்கற ஆம்பளைங்க 29,133 பேரை சேத்து, கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின் தினம் 20 மி.கி மாத்திரையா ஒரு பகுதிப் பேருக்கு குடுத்தாங்க, ஆன்டிஆக்ஸிடன்ட் ஆச்சே நுரையீரல் கேன்சர் குறையும்னு. 1994ல ரிசல்ட் வந்தா குறையல, 18% கூடியிருக்கு. அமெரிக்காவுல இதே மாதிரி நடந்துட்டிருந்த இன்னொரு ட்ரையலை 1996ல பாதில நிறுத்திட்டாங்க. கேரட் தின்னவனுக்கு ஒண்ணும் ஆகல, மாத்திரை தின்னவனுக்குத்தான். பெருந்துறைக்காரர் சொன்ன அதே கணக்குதான் அங்கயும்.

---

மெல்பேர்ன் ஆச்சி
ஜனவரி 17, மாலை 3:05

பிள்ளை, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது அவுஸ்திரேலியாவில. இதைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாமல் கிடக்கு, ஏனெண்டால் எங்கட வீட்டிலயே நடந்தது.

என்ர தங்கச்சி, 54 வயசு, ஒரு வருத்தமும் இல்லாதவ. போன வருசம் தோள்மூட்டு நோவுக்கு ஆரோ சொல்லினமெண்டு மஞ்சள் கப்சூல் வாங்கி எடுத்தவ, அதிலயும் மிளகு கலந்ததுதான். ரெண்டு மாசத்துக்குக் கிட்ட ஒரே களைப்பு, சாப்பாட்டைக் கண்டால் சத்தி வருகுது, உடம்பெல்லாம் கடி. மூத்திரம் தேத்தண்ணிக் கலரில போகுது எண்டவ, நாங்கள் மஞ்சள் எடுக்கிறதாலதான் அப்பிடி கலர் எண்டு நினைச்சு சிரிச்சுப் போட்டு இருந்திட்டம், அதுதான் பிழை. பிறகு கண் மஞ்சளாப் போச்சு. ரத்தம் செக் பண்ணினால் ஈரல் என்சைம் ஆயிரத்துக்கு மேல. ஹெப்படைட்டிஸ் எல்லாம் பாத்து ஒண்டும் இல்லை. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ எண்டு, இவ இல்லை எண்டு சொல்லிப்போட்டா! அவவுக்கு அது மருந்தெண்டே நினைப்பில்லை. நான்தான் பக்கத்தில இருந்து போத்திலைச் சொன்னனான். நிப்பாட்டி மூண்டு மாசத்தில எல்லாம் பழையபடி வந்திட்டுது, கடவுள் புண்ணியம்.

இஞ்ச 2023ல டிஜிஏ எண்ட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்தவைக்கு ஈரல் பிரச்சினை வந்ததெண்டு 18 முறைப்பாடு, அதில 9ல மஞ்சள்தான் காரணமா இருக்கலாம் எண்டு சொல்லுறதுக்குத் தேவையான விவரம் இருந்ததாம். சாப்பாட்டில போடுற அளவுக்கு இந்தப் பயம் இல்லையெண்டும் அதிலயே சொல்லியிருக்கினம். அதனால நான் இப்பவும் கறிக்கு மஞ்சள் போடுறன், அதை விடேல்ல.

---

பெஞ்ச் நம்பர் 7
ஜனவரி 17, மாலை 4:10

ஆச்சி சொன்னதோட ஒரு விஷயம் சேக்கறேன். இது அளவு கூடினதால மட்டும் வர்றது இல்ல, சிலரோட மரபணுவைப் பொறுத்தது. அமெரிக்காவுல மருந்தால கல்லீரல் கெட்டவங்களை பதிவு பண்ணி பாக்கற ஒரு குழு 2022ல மஞ்சளால வந்த 10 கேஸை வெளியிட்டாங்க. அஞ்சு பேர் ஆஸ்பத்திரில சேந்திருக்காங்க, ஒருத்தர் இறந்துட்டார். பத்துல ஏழு பேருக்கு ஹெச்எல்ஏ-பி 35:01னு ஒரே ஜீன் வகை. மூணு டப்பால பைப்பரின் இருந்திருக்கு. அந்த ஜீன் நமக்கு இருக்கா இல்லயான்னு யாரும் டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை வாங்கறது இல்ல. செல்வம் சாருக்கு ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலன்னா அவருக்கு ஆகல, அவ்வளவுதான். இத்தாலிலயும் 2019 வாக்குல இதே மாதிரி வரிசையா கேஸ் வந்து கவர்மென்ட் டப்பால எச்சரிக்கை போட சொல்லிட்டாங்க.

உணவு நிறமியா குர்குமினை சேக்கறதுக்கு உலக அளவுல ஒரு வரம்பு இருக்கு, கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 180. இங்க 950 போகுது. வரம்பைத் தாண்டினா உடனே விஷம்னு அர்த்தம் இல்ல, ஆனா தாண்டறோம்னு தெரிஞ்சாவது போடணும் இல்லயா.

---

இயற்கைவழி செல்வம்
ஜனவரி 17, மாலை 5:26

எனக்கு ஜீன் எல்லாம் தெரியாது. ஆனா அப்பா ஹார்ட் பேஷன்ட்ங்கறத நான் சரியா படிக்கல, மாத்திரையை குறைக்க சொன்னது தப்புதான், அதை எடுத்துக்க வேண்டாம். மத்தபடி என் கருத்துல மாற்றம் இல்ல.

---

மருந்துக்கடை அண்ணாச்சி
ஜனவரி 17, இரவு 9:45

செல்வம் அண்ணே, அந்த ஒரு வரி எழுதினதுக்கு நன்றி. நீங்க சாப்பிடுங்க, வேண்டாங்கல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்த டெஸ்ட்) மட்டும் எடுத்துக்கிடுங்க, பெரிய செலவு ஆகாது.

பொதுவா படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. இந்த டப்பாவெல்லாம் மருந்து லைசென்ஸ்ல வாறது இல்ல, எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவு லைசென்ஸ்ல, பிஸ்கட் முறுக்கு வாற அதே கணக்குல வருது. "மருத்துவ உபயோகத்திற்கு அல்ல"ன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கும், போட்டே ஆகணும்னு சட்டம். அதே டப்பாவை கைல வெச்சுக்கிட்டு கேன்சர் வராதுன்னு வாயால சொல்லி வித்தா யார் என்ன செய்ய. என் கடைலயும் இந்த சரக்கு இருக்கு, பொய் சொல்லல, கேட்டா குடுப்பேன், ஆனா என்ன மாத்திரை போடுதீங்கன்னு கேக்காம குடுக்க மாட்டேன். ஆபரேஷன், பல் பிடுங்குறது ஏதும் இருந்தா ரெண்டு வாரம் முந்தியே நிறுத்திரணும். கர்ப்பிணிகளுக்கு கேப்சூல் வேண்டாம். கிட்னி மாத்தி, உடம்பு அதை ஒதுக்காம இருக்க டாக்ரோலிமஸ் போடுறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, அந்த மருந்தோட அளவு ஏறிப்போகும்.

---

கரூர்க்காரி
ஜனவரி 29, இரவு 9:15

எல்லாருக்கும் அப்டேட் குடுக்கறேன்னு சொல்லிட்டு லேட் ஆயிடுச்சு, சாரி.

மறுநாளே டாக்டர்கிட்ட போனோம். டப்பாவை திருப்பி திருப்பி படிச்சாரு, அப்புறம் அப்பாவைப் பாத்து "இதை யார் எழுதிக் குடுத்தா"ன்னாரு, அப்பா அம்மாவை கை காட்டிட்டாரு 😂 கேப்சூல் நிறுத்தியாச்சு, ஸ்டென்ட் மாத்திரை அப்படியே ஓடுது, ப்ளட் கவுன்ட், எல்எஃப்டி எல்லாம் எடுத்தாங்க நார்மல். ஈறுல ரத்தம் ஒரு வாரத்துல நின்னுடுச்சு. டாக்டர் சொன்னது, கேப்சூல்தான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா நிறுத்தினதும் நின்னிருக்கு, மறுபடி குடுத்து டெஸ்ட் பண்ணி பாக்கற விஷயம் இது இல்லன்னாரு.

பெருந்துறை அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பத்து ஸ்பூன் மஞ்சத்தூளை எவர்சில்வர் தட்டுல கொட்டி அம்மா முன்னாடி வெச்சேன். ஒரு நிமிஷம் பாத்தாங்க. அப்புறம் "இவ்ளோ மஞ்சளை வீணாக்கறியே, அள்ளி டப்பால போடு"ன்னு திட்டினாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரில இருந்து அவங்களும் போடல, ஏன்னு நானும் கேக்கல. முட்டிக்கு பிசியோ போக ஆரம்பிச்சிருக்காங்க, சேர்ல உக்காந்து காலை நீட்டி மடக்கற எக்சர்சைஸ் சீரியல் பாத்துகிட்டே பண்றாங்க. அயர்ன் மாத்திரை இனிமே தனியா, ரெண்டு மாசம் கழிச்சு ஹீமோகுளோபின் பாக்கணும். எண்டோஸ்கோபிக்கு எழுதிக் குடுத்திருக்காரு, அண்ணாச்சி சொன்ன அதே காரணம்தான்.

அந்தக்காகிட்ட பிரிக்காத ஒரு டப்பாவை திருப்பி குடுக்கப் போனேன், பணம் வராதாம், வேணும்னா அதே விலைக்கு நோனி ஜூஸ் தர்றேங்கறாங்க.

---

மருந்துக்கடை அண்ணாச்சி
ஜனவரி 29, இரவு 9:22

நோனியா!! அதுல பொட்டாசியம் கெடக்கு, அதுக்கு தனி த்ரெட் போட வெச்சிராதீங்க தங்கச்சி. அப்பா கை எப்படி இருக்கு?

---

கரூர்க்காரி
ஜனவரி 29, இரவு 9:30

நீலமெல்லாம் போய் இப்ப மஞ்சளா மாறிட்டு இருக்கு அண்ணாச்சி, ஆறற காயம் அப்படித்தான் கலர் மாறும்னு டாக்டர் சொன்னாரு. அம்மா அதைக் காட்டி "பாத்தியாடி, கடைசில மஞ்சதான் வந்து ஆத்துது"ங்கறாங்க.